மன்னிப்பு வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு

சண்டை பிடித்த சிநேகிதனிடம் போய் மன்னிப்புக் கேட்பதற்கு ஓர் அதிகாரசபையின் அனுமதி வேண்டும் என்பது ஐம்பத்துநாலு வயது வரைக்கும் ஸலாஹுதீனுக்குத் தெரியாது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்களோ என்னவோ, அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர்.

அவருக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான். மதுரங்குளியிலிருந்து மாம்புரிக்குத் தன் சின்ன லொறியை ஓட்டிப் போக வேண்டும். கடற்கரையில் பேதுருவின் வீட்டு வாசலில் நிறுத்த வேண்டும். இறங்கி, "மச்சான், நான் செஞ்சது பிழை" என்று சொல்ல வேண்டும். இதற்குள் அதிகாரசபை எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். வந்தது. சும்மா வரவில்லை, வேன் பிடித்து வந்தது.

முதலில் சண்டையைச் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் ஸலாஹுதீனின் மகள் பஸீனாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கொழும்பு. கொழும்பார் வருகிறார்கள் என்றதும் மனுசனுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. புத்தளத்தில் ஏசி மண்டபம் எடுத்தார். வழக்கமாகப் பாய் விரித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, ஒரே பெரிய தட்டில் கை போட்டுச் சாப்பிடுகிற ஸஹன் சாப்பாடுதான் ஊரில் எல்லாக் கல்யாணத்துக்கும். அதை உறவுக்காரருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மேடைக்குப் பக்கத்தில் 'விசேட அதிதிகள்' என்று ஒரு மேசை போட்டார். கதிரைகளுக்கு வெள்ளைச் சட்டை போட்டு முதுகில் றிபன் கட்டினார். ஒரு டாக்டர், ஒரு வங்கி முகாமையாளர், மாவட்டச் செயலகமான கச்சேரியின் உத்தியோகத்தர் ஒருவர், இவர்களுக்கு நடுவில் பேதுருவைக் கொண்டுபோய் இருத்தினார். முன்னால் தனிப் பிளேட், முள்ளுக்கரண்டி, பூப்போல மடித்த துணி. பேதுருவைக் கௌரவித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேறு நின்றார்.

பேதுரு சோற்றைத் தொடவில்லை. "வயிறு சரியில்ல" என்று எழும்பிப் போனவர் போனவர்தான்.

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, ஸலாஹுதீன் குடும்பம் உடுத்த உடுப்போடு வள்ளத்தில் வந்து மாம்புரிக் கரையில் இறங்கியது; அன்று இடுப்பளவு தண்ணிக்குள் வந்து ஸலாஹுதீனின் உம்மாவைத் தூக்கிக் கரை சேர்த்தவர் இந்தப் பேதுரு. அன்றைக்குப் பள்ளிவாசலில் அகதிகளுக்கு ஸஹன் வைத்தார்கள். ஸலாஹுதீன் இருந்த ஸஹனில் ஐந்து பேர்தான். பரிமாறியவர், ஈரச் சாரத்தோடு வாசலில் நின்ற பேதுருவைப் பார்த்து, "ஒராள் குறையுது, வா தம்பி" என்றார். அந்த நாளிலிருந்து பேதுருதான் ஆறாவது ஆள். எந்தக் கல்யாணமோ, எந்தக் கந்தூரியோ, ஸலாஹுதீனின் ஸஹனில் ஆறாவது இடம் அவருக்கு. நடுவில் வைக்கும் பொரித்த கோழியைப் பிய்த்து ஆறு பங்காக்குவதும் அவர்தான். வலை இழுத்த கை, ஒரே இழுவையில் கோழி பங்காகிவிடும். அந்த மனுசனுக்கு முள்ளுக்கரண்டி.

அன்று ராத்திரியே ஸலாஹுதீனின் பெண்சாதி சுல்பா கேட்டுவிட்டாள்: "உங்களுக்கு மூளை கீளை இரிக்கா? அவரை ஏன் கொண்டுபோய் அங்க இருத்தினீங்க?"

அதற்குப் பிறகு ஸலாஹுதீனுக்குச் சோறு இறங்கவில்லை. ரெண்டு தரம் மாம்புரிக்குப் போனார். ரெண்டு தரமும் பேதுருவின் மனைவி பவுலினா, "அவர் கடலுக்குப் போயிட்டார் ஸலா அண்ண" என்றாள். வள்ளம் கரையில் கிடந்தது. வள்ளத்துக்குப் பின்னாலிருந்து இருமல் சத்தமும் கேட்டது. பிறகு ஊரில் ஒரு கதை அடிபட்டது. இத்தாலியில் இருக்கும் மகள் ஷானிகாவிடம், உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு பேதுருவும் பவுலினாவும் போகிறார்களாம். திரும்பி வருகிற எண்ணம் இல்லையாம்.

அதைக் கேட்ட அன்று ஸலாஹுதீன் மூன்றாம் தரம் லொறியை எடுத்தார். வள்ளத்துக்குப் பின்னாலே போய்ப் பிடிக்கிறதென்றாலும் பிடிக்கிறது என்ற முடிவோடு போனவரை, பாலாவிச் சந்தியில் கை காட்டி மறித்தார் கழுத்துப்பட்டி கட்டிய ஓர் இளைஞர். பெயர் லாபிர். கரையோர நட்புறவுத் திரைப்பட அதிகாரசபையின் இணைப்பாளர். மூத்தவர்களை நானா, அதாவது அண்ணன், என்று மரியாதையோடு கூப்பிடுகிறவர்.

"ஸலாஹுதீன் நானாதானே? நீங்களும் மாம்புரி பேதுருவும் கதைக்கிறல்லையாமே, உண்மையா?"

"ஓம் தம்பி. அதான் இப்ப போய்..."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் லாபிர், ரெண்டு கையையும் மேலே தூக்கி.

விசயம் இதுதான். அதிகாரசபை ஒரு படம் எடுக்கிறது. நடுத்தர வயதின் வருத்தமும் நிலைத்த நட்பும் பற்றிய படம். அறுபது வீதம் சிரிப்பு, நாற்பது வீதம் சோகம் என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. வேறு வேறு மதம், நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயது, உண்மையான கோபம், இந்த மூன்றும் உள்ள ரெண்டு ஆம்பிளைகள் வேண்டும். சண்டையும் சமாதானமும் அசலாக இருக்க வேண்டும்.

"கல்பிட்டியிலிருந்து சிலாபம் வரைக்கும் தேடிட்டம் நானா. எங்கட ஆக்கள் எங்கட ஆக்களோடதான் வேலிச் சண்டை. கத்தோலிக்க ஆக்கள் கூடப்பிறந்தவனோடதான் வலைச் சண்டை. மதம் விட்டு மதம் போய்ச் சண்டை பிடிக்க ஒருத்தருக்கும் நேரமில்ல. முன்னேஸ்வரத்தில ஒரு ஐயரும் ஒரு கடை முதலாளியும் இரிக்கிறதாக் கேள்விப்பட்டுப் போனா, அவங்க ரெண்டு பேரும் ஒரே வாகனத்தில மடு மாதா கோயிலுக்குப் போயிட்டாங்க. எங்கட பணிப்பாளருக்கு நித்திரையே இல்ல."

"நான் இப்ப சமாதானமாகத்தான் தம்பி போறன்."

லாபிரின் முகம் வெளிறிப் போனது. "இப்ப சமாதானமாகினா நாங்க எதைப் படம் பிடிக்கிறது? கொஞ்சம் பொறுங்க நானா. பேதுரு அண்ணனும் வாறன் எண்டு சம்மதிச்சிட்டார்."

ஸலாஹுதீனின் கால் பிரேக்கில் கிடந்தது, எடுக்க மறந்துவிட்டார். வள்ளத்துக்குப் பின்னால் ஒளித்த மனுசன், தான் வருகிற இடத்துக்கு வர ஒத்துக்கொண்டிருக்கிறான். அது போதும். படமாவது கிடமாவது, அவன் முகத்துக்கு நேரே நின்று ஒரு வார்த்தை சொல்லக் கிடைத்தால் காணும். சரி என்றார்.

அடுத்த கிழமை புத்தளத்தில் நேர்முகம். மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். சண்டை உறுதிப்படுத்தும் குழு என்று முன்னால் பலகை. பேதுருவை வேறு அறையில் வைத்திருந்தார்கள். பணிப்பாளர் நடுவில் இருந்தார். கையில் பட்டாணிக் கடலை அளவு கல் பதித்த மோதிரம். பேசும்போது அந்தக் கை முதலில் எழும்பும், பேச்சு பிறகு வரும்.

"திரு. ஸலாஹுதீன் அவர்களே, நல்லிணக்கம் என்பது பொதுமக்கள் தங்கள் பாட்டில், மேற்பார்வை ஏதுமின்றி, வீதியோரங்களில் செய்துகொள்ளும் காரியம் அல்ல. கடந்த காலத்தில் அப்படித்தான் நடந்தது. யார் யாரோடு சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதற்கு எங்களிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. இனிமேல் அப்படி விட முடியாது. சரி, சண்டைக்குக் காரணம் காணியா?"

"இல்ல சேர்."

"வணக்கத்தலமா?"

"அல்லாஹ் காப்பாத்தணும். இல்ல."

"அரசியல்?"

"சாப்பாடு, சேர்."

"உணவில் ஏதாவது கலந்தாரா?" என்று ஓரத்தில் இருந்தவர் ஆசையோடு முன்னால் குனிந்தார்.

"இல்ல சேர். கதிரை."

குழு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பணிப்பாளர் பெருமூச்சு விட்டார். நாட்டில் எவ்வளவு நல்ல காரணங்கள் இருக்கின்றன, இந்த மனுசன் கதிரையைக் கொண்டு வருகிறானே என்ற கவலை அந்த மூச்சில் இருந்தது. பிறகு வருத்தத்தைப் பரிசோதிக்கும் அம்மணி கேட்டார்: "உங்களுக்கு வருத்தம் எப்போது ஆரம்பித்தது?"

"கல்யாணத்தண்டு ராத்திரி."

"அது சாதாரண வருத்தம். நடுத்தர வயது வருத்தம் என்றால், வாழ்க்கை முழுவதும் வீணாகிவிட்டது என்ற உணர்வு வர வேண்டும். வருகிறதா?"

ஸலாஹுதீன் யோசித்தார். பொய் சொல்லப் பயமாகவும் இருந்தது, இல்லையென்று சொன்னால் அனுப்பிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. "பின்னேரங்களில கொஞ்சம் வாறது."

"எந்த நேரம்?"

"டீ குடிக்க முதல்."

"குடித்த பிறகு?"

"டீயைப் பொறுத்தது."

தகுதி உண்டு என்று முடிவானது. லாபிர் எழும்பி நிபந்தனைகளை உரத்து வாசித்தார். படப்பிடிப்பு முடியும் வரை இரு தரப்பும் கதைக்கக் கூடாது. சிரிக்கக் கூடாது. மனைவிமார் ஊடாகச் செய்தி அனுப்பக் கூடாது. படம் அங்கீகரிக்கப்படும் வரை இருவரும் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது.

"அவர் இத்தாலிக்குப் போகணுமே தம்பி?"

"அவரும் இதைக் கேட்டுட்டுத்தான் ஒப்பம் வெச்சார் நானா. பயப்படாதீங்க, காலாண்டு முடிய முன்னம் படம் முடிஞ்சிடும்."

டிக்கட் போட்ட மனுசன் இதற்கு ஏன் ஒப்பம் வைத்தான் என்று ஸலாஹுதீனுக்கு விளங்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை விசயம்தான் விளங்கும்?

நோன்பு பிறந்து ரெண்டாம் கிழமை, மாம்புரிக் கடற்கரையில் சண்டைக் காட்சி. நெறியாளர் றொபி சிலாபத்துப் பொடியன், கல்யாண வீடியோ எடுத்துப் பழகியவன், நல்ல பிள்ளை. ஆனால் அவனுக்கு மேலே ஏழு பேர் நின்றார்கள். கலாசார அடையாளம் பார்க்கும் உத்தியோகத்தர் ஸலாஹுதீனின் தலையில் ஒரு சிவப்புத் துருக்கித் தொப்பியை வைத்தார். குஞ்சம் வேறு தொங்கியது.

"இதை எங்கட வாப்பாவும் போட்டதில்ல சேர். வாப்பாட வாப்பாவும் போட்டதில்ல."

"உங்களைப் பார்த்தால் முஸ்லிம் என்று தெரிய வேண்டாமா?"

"என்னைப் பார்த்தா ஸலாஹுதீன் எண்டு எல்லாருக்கும் தெரியுமே."

அது போதாதாம். அந்தப் பக்கம் பேதுருவின் கழுத்தில், வள்ளத்துக்கு நங்கூரமாகப் போடக்கூடிய பருமனில் ஒரு சிலுவை. கையில் துடுப்பு. முப்பது வருசமாக எஞ்சின் வள்ளம் ஓட்டுகிற மனுசன், துடுப்பை எந்தப் பக்கம் பிடிக்கிறதென்று தெரியாமல் விளக்குமாறுபோலப் பிடித்துக்கொண்டு நின்றார். மெலிந்திருந்தார்.

கதிரை விசயம் படத்துக்குப் போதாது என்று குழு முடிவெடுத்து, வேறு காரணம் எழுதியிருந்தது. பேதுருவின் தேங்காய் வேலிக்கு மேலால் ஸலாஹுதீனின் வளவுக்குள் விழுகிறது. அதில்தான் சண்டை.

"சேர், நான் மதுரங்குளி, இவர் மாம்புரி. தேங்காய் அவ்வளவு தூரம் உருளுமா?"

"அது குறியீடு" என்றார் பணிப்பாளர்.

சிரிப்பு அளக்கும் உத்தியோகத்தர் நேரங்காட்டியை அமுக்கினார். றொபி கை காட்டினான். ஸலாஹுதீன் மனப்பாடம் பண்ணியதை ஒப்புவித்தார்: "ஏய் பேதுரு, இந்தத் தேங்காய் யாருடையது?" அடுத்து பேதுரு, "அது என் பரம்பரைச் சொத்து" என்று கர்ச்சிக்க வேண்டும்.

பேதுரு கர்ச்சிக்கவில்லை. தொப்பியைப் பார்த்தார், குஞ்சத்தைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். வாய் கோணியது.

"ஏண்டா ஸலா," என்றார், "என்னை ஏண்டா விருந்தாளியாக்கினாய்?"

பேதுருவின் கண் நிறைந்துவிட்டது. "உன்ட வீட்டில நான் எப்பவாவது விருந்தாளியா? பந்தி வெச்சவன், சட்டி கழுவினவன், உன்ட மகள் நடை பழகக்குள்ள கையைப் பிடிச்சவன். அவள்ட கல்யாணத்தில என்னை ஊர் பேர் தெரியாதவனோட இருத்தி, முன்னால கரண்டி வெச்சாய். விருந்தாளியாத்தான் இரிக்கணுமெண்டா நான் இத்தாலியில போய் இரிக்கிறன். அங்க எல்லாரும் விருந்தாளிதானே."

மூன்று மாசமாகத் தொண்டைக்குள் கிடந்த வார்த்தை ஸலாஹுதீனுக்கு நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. "மச்சான், நான்..."

"கட்! கட்! கட்!" பணிப்பாளர் மணலில் ஓடி வந்தார். லாபிர் ரெண்டு பேருக்கும் நடுவில் பாய்ந்து கையை விரித்தார். "வேணாம் நானா! இப்ப சொல்லாதீங்க! மன்னிப்பு வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு!"

"தம்பி, ஒரே ஒரு சொல்லு..."

"வெள்ளிக்கிழமைக்குத்தான் அதிதிகளுக்குச் சொல்லியிருக்கு. சாப்பாட்டுக்கும் ஓடர் குடுத்தாச்சு."

பேதுருவைத் துடுப்போடு ஒரு வேனில் ஏற்றினார்கள். ஸலாஹுதீனை மற்ற வேனில். கண்ணாடிக்கு வெளியே பேதுருவின் வேன் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. சிரிப்பு அளக்கும் உத்தியோகத்தர், "பூச்சியம்" என்று யாருக்கோ சொன்னது கேட்டது. அந்த நாலு நாளும் நோன்பு திறக்கிற நேரத்தில் ஸலாஹுதீனின் தொண்டையில் பேரீச்சம்பழத்துக்கு முன்னால் அந்த வார்த்தைதான் நின்றது.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று பெரிய வெள்ளியும்தான். அந்த வருசம் நோன்பும் கத்தோலிக்கரின் தவசுகாலமும் ஒன்றாக வந்த வருசம். மாம்புரிக் கரையில் கொட்டகை போட்டு, வாழை கட்டி, வெளிநாட்டுக்காரர் ரெண்டு பேரைக்கூடக் கொண்டுவந்து இருத்தியிருந்தார்கள். அரச விடுமுறை நாள் என்றபடியால் உத்தியோகத்தர் எல்லாரும், விடுமுறைக்கு உரிய படியோடு, ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். பணிப்பாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இரண்டு சமயங்களுக்கும் மதிப்பளித்தே இந்த நேரத்தைத் தெரிவு செய்திருக்கிறோம். ஜும்ஆ தொழுகை முடிந்துவிட்டது. தேவாலய வழிபாடு மூன்று மணிக்குத்தான் ஆரம்பம். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கண்டுபிடிக்க நாங்கள் ஆறு கூட்டங்கள் நடத்தினோம். இப்போது இரண்டு நண்பர்களும் ஒன்றாக உணவருந்தி இணங்குவார்கள்!"

கைதட்டல். மேசையில் கோழிப் புரியாணி ஆவி பறந்தது. முஸ்லிமுக்கு என்று பச்சைப் பிளேட் ஒன்று, கத்தோலிக்கருக்கு என்று நீலப் பிளேட் ஒன்று.

ஸலாஹுதீன் பேதுருவைப் பார்த்தார். பேதுரு ஸலாஹுதீனைப் பார்த்தார்.

"நோன்பு, சேர்" என்றார் ஸலாஹுதீன்.

"பெரிய வெள்ளி ஒருசந்தி, சேர்" என்றார் பேதுரு. "கோழியும் ஆகாது."

ஒலிபெருக்கி கீச்சென்று கத்தியது. பணிப்பாளர் லாபிரைத் திரும்பிப் பார்த்தார்.

"நோன்பு எண்டு ரெண்டாம் கூட்டத்திலயே நான் சொன்னன் சேர்" என்றார் லாபிர். "அது குறித்துக்கொள்ளப்பட்டது."

"பெரிய வெள்ளி எண்டு நானும் சொன்னன்" என்றான் றொபி. "அதுவும் குறித்துக்கொள்ளப்பட்டது."

"ஒரு வாய் மட்டும்? விழுங்கத் தேவையில்லை" என்றார் பணிப்பாளர். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள், ஏலாது என்று. சிரிப்பு அளக்கும் உத்தியோகத்தர், "சேர், இவங்க ஒத்துப்போறாங்க, இன்னும் எக்‌ஷன் சொல்லல்ல" என்று எச்சரித்தார்.

அப்போதுதான் ஸலாஹுதீனுக்குத் துணிவு வந்தது. லொறிக்கு ஓடினார். காலையில் சுல்பா துடைத்துக் கொடுத்த பெரிய ஸஹனை ரெண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். சாப்பிடுகிறார்களோ இல்லையோ, அதை நடுவில் வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று அவருடைய கணக்கு.

"என்ன இது?" என்றார் கலாசார அடையாளம் பார்ப்பவர்.

"ஸஹன், சேர். ஆறு பேர் ஒண்டாச் சாப்பிடுற தட்டு. நாங்க ரெண்டு பேரும் இதில..."

"கூட்டுத் தட்டா? வெளிநாட்டார் இருக்கிறார்கள் ஐயா! பிளேட் வாங்க வசதியில்லாத பிரதேசம் என்று நினைக்க மாட்டார்களா? ஆளுக்கொரு பிளேட் என்பதுதான் சமத்துவம். கொண்டுபோய் வையுங்கள்."

பேதுரு அந்த ஸஹனை லொறி வரைக்கும் கண்ணால் தொடர்ந்தார்.

பணிப்பாளர் மோதிரக் கையை உயர்த்தினார். யோசனை வந்துவிட்டது. முகம் எதற்கு? கை போதும். நண்பர்களின் முகங்களை இப்போது சும்மா எடுப்பது, சாப்பிடும் கைகளைத் தனியாக எடுத்து ஒட்டுவது. நாட்டுக்காக ஸலாஹுதீனின் கையாக இருக்கப் பணிப்பாளரே முன்வந்தார். பேதுருவின் கையாகக் கணக்காளர் சேர்ட்டை மடித்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு அந்தக் கொட்டகையில் பசியில் இவர்களை மிஞ்ச ஆளில்லை.

நட்பின் அடையாளமாக நீலப் பிளேட்டிலிருந்து ஒரு கோழித்துண்டு பச்சைப் பிளேட்டுக்கு வர வேண்டும். கணக்காளருக்குத் துண்டைக் கொடுக்க மனம் வரவில்லை. "கொடுங்கள், கொடுங்கள்" என்று பணிப்பாளர் பல்லைக் கடித்தார். நாலாம் தடவையில் கழுத்தெலும்பு ஒன்று வந்து சேர்ந்தது. வெளிநாட்டார் கண் கலங்கினார்கள். நண்பர்கள் ரெண்டு பேரும் கொட்டகைக்கு வெளியே, ஒருத்தர் தொப்பியோடும் ஒருத்தர் துடுப்போடும், வெயிலில் நின்று தங்களுடைய நட்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இணக்கம் பூர்த்தியானது!" என்று அறிவித்தார் பணிப்பாளர், கையைக் கழுவிக்கொண்டே. "பல வருசங்களாகப் பிரிந்திருந்த இரண்டு சமூகங்களை இன்று நாங்கள் ஒரு மேசையில் உட்கார வைத்தோம். நாங்கள் இல்லாவிட்டால் இவர்கள் என்றைக்கும் சந்தித்திருக்க மாட்டார்கள்." பிறகு ரெண்டு பேருடைய கையையும் தனித்தனியாகக் குலுக்கினார். வேன்கள் கிளம்பின. மிஞ்சிய புரியாணியும் கிளம்பியது.

கரையில் ரெண்டே பேர். இனிக் கதைக்கலாம், தடையில்லை. ஆனால் பாருங்கள், யாராவது எக்‌ஷன் சொல்வார்கள் என்று காத்திருந்து பழகிப்போய், ரெண்டு பேருக்கும் வாய் திறக்கவில்லை. கத்தோலிக்கச் சனம் மூன்று மணி வழிபாட்டுக்குக் கோயிலுக்குப் போகத் தொடங்கியது. பேதுரு துடுப்பை மணலில் போட்டுவிட்டு லொறிப் பக்கம் நடந்தார். அந்த லொறியின் இடப்பக்கக் கதவு திறக்கிற வித்தை உலகத்தில் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். கீழே ஓர் உதை, மேலே ஒரு தூக்கு. பேதுரு உதைத்தார், தூக்கினார், ஏறி இருந்தார். ஸலாஹுதீன் லொறியை எடுத்துக் கோயில் வாசலில் விட்டார்.

வழிபாடு முடியும் வரைக்கும் வெளியே லொறிக்குள் இருந்தார். போகிற வருகிற சனம் பார்த்த பார்வையில்தான் தலையில் துருக்கித் தொப்பி இன்னும் இருப்பது தெரிந்தது. கழற்றி வைத்துவிட்டு சுல்பாவுக்கு போன் எடுத்தார். "புள்ள, நோன்பு திறக்க சோத்தை மாம்புரிக்குக் கொண்டாறியா? இறைச்சி போடாம..."

"பருப்பும் கத்தரிக்காயும் பகலே ஆக்கியாச்சு" என்றாள் சுல்பா. "இண்டைக்கு மன்னிப்பெண்டு அரசாங்கமே சொல்லிச்சு. பெரிய வெள்ளி எண்டு எனக்குத் தெரியாதா? த்ரீவீலர்ல ஏறிட்டன், வைங்க போனை."

பொழுது பட்டது. பேதுருவின் வீட்டுக்கு முன்னால், மணலில் பாய் விரித்து, ஸஹனை நடுவில் வைத்தார்கள். சுல்பாவும் பவுலினாவும் சோற்றைக் கொட்டிப் பருப்பை ஊற்றி, ஓரத்தில் சம்பலும் பப்படமும் வைத்துவிட்டு, கதை கேட்கிற தூரத்தில் போய் இருந்துகொண்டார்கள். தூரத்துப் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. ஸலாஹுதீன் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துத் தண்ணீர் குடித்தார். தொண்டை நனைந்தது.

"மச்சான், நான் செஞ்சது பிழை" என்றார். "கொழும்பாருக்கு முன்னால பெரிய மனுசனாகப் பார்த்தன். உன்னைப் பெரிய ஆளாக் காட்டுறன் எண்டு நினைச்சு, தூரத்தில கொண்டுபோய் வெச்சிட்டன். கல்யாணத்தண்டு என்ட ஸஹன்ல அஞ்சு பேர்தான்டா இருந்தம். ஆறாவது இடத்தில ஒருத்தனையும் நான் இருத்தல்ல. கோழியை யாரும் ஒழுங்காப் பிய்க்கவும் இல்ல."

பேதுரு மூக்கை உறிஞ்சினார். பப்படம் ஒன்றை எடுத்து, கோழியைப் பிய்க்கிற அதே மரியாதையோடு ரெண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை ஸலாஹுதீனின் பக்கம் வைத்தார்.

"இதைச் சொல்ல இவ்வளவு நாளா?"

"சொல்ல விட்டாங்களாடா? நீயும் வள்ளத்துக்குப் பின்னால போய் ஒளிச்சுக்கொண்டாய். இத்தாலி வேற."

"டிக்கட்டைப் போட்ட நாளிலிருந்து எனக்கு நித்திரையில்ல" என்றார் பேதுரு. "கோபத்தில சொல்லிட்டன், ஷானிகாவும் காசைக் கட்டிட்டாள். எப்பிடிப் பின்வாங்கிறதெண்டு தெரியாம இருந்தன். அந்த லாபிர் பொடியன் வாசிச்சான் பாரு, படம் முடியுமட்டும் நாட்டை விட்டுப் போகேலாதெண்டு? அதைக் கேட்டதும்தான் பேனையை வாங்கினன்."

ஸலாஹுதீனின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது. அப்படியென்றால் இன்றோடு படம் முடிந்துவிட்டதே? இணக்கம் பூர்த்தி என்று பணிப்பாளர் கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டாரே? அந்தச் சந்தோசமான கணக்கில் இப்படி ஓர் ஓட்டை விழும் என்று அவர் நினைக்கவில்லை. பேதுருவும் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டு பருப்பைப் பிசைந்தார்.

போன் அடித்தது. லாபிர்.

"நானா, ஒரு சின்னப் பிரச்சினை. வரக்குள்ள வேனில வெச்சு படத்தைப் போட்டுப் பார்த்தம். உங்கட கையில பணிப்பாளர்ட மோதிரம் மின்னுது. கணக்காய்வில பிடிப்பாங்களாம். அதனால இண்டைய இணக்கம் ரத்து. அடுத்த காலாண்டில சண்டையிலிருந்து புதுசாத் தொடங்கணும்." லாபிரின் குரல் தணிந்தது. "நானா, நீங்க ரெண்டு பேரும் இன்னும்... சேரல்லயே?"

ஸலாஹுதீன் பேதுருவைப் பார்த்தார். போன் சத்தம் பெரிது, பேதுருவுக்கும் எல்லாம் கேட்டிருந்தது. அவருடைய கண்ணில் மெல்ல ஒரு வெளிச்சம் ஏறியது.

"சேருறதா? இவனோடயா?" என்றார் ஸலாஹுதீன், வாயில் சோற்றோடு. "தம்பி, சண்டை முந்தியை விட மோசம். முடிய வருசக்கணக்காகும்."

பேதுரு ஸஹனுக்கு மேலால் எக்கி, போனுக்குள் கத்தினார்: "இவன்ட முகத்திலயும் முழிக்க மாட்டன்!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் லாபிர். "அப்பிடியே இருங்க!"

பவுலினா அங்கிருந்து கேட்டாள்: "அப்ப ஷானிகாவுக்கு நான் என்ன சொல்ல?"

"அரசாங்கம் விடுதில்லயாம் எண்டு சொல்லு. நீ போய்ப் பேரப்பிள்ளையைப் பார்த்துட்டு வா" என்றார் பேதுரு. பிறகு ஸஹனைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். "டேய், பருப்புச் சட்டியை இங்கால தள்ளு. ஆறாவது ஆளுக்கு இன்னும் வயிறு நிறையல்ல."